கழிநிலப் பயணமும் கைக்கிளையும்

பயண இலக்கியம் இன்று நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் தனியொரு வகையாக இடம்பெற்றுவிட்டது. அவ்வகை நூல்களை மதிப்பிடுதற்கு நாம் கொண்டுள்ள அளவுகோல்களோ மிகச் சிலவே. ஆசிரியர் கண்டதைக் கண்டவாறு கூறினாரா, செய்தி மிகுதியாக உள்ளதா, நடை தெளிவுடையதா என்னும் மூன்று வினாக்களோடு திறனாய்வு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பல ஊர்களை விரைந்து சுற்றி எழுதிய நூலுக்கு இவை ஒருவாறு போதும். புகைவண்டியின் சாளரத்தருகே அமர்ந்தும் படகின் கூரைநிழலில் சாய்ந்தும் மெல்லச் செல்வதையே நோக்கமாகக் கொண்டு எழுதப்படும் நூலுக்கு இவை போதா. மெல்லச் செல்வோர் தாம் கண்டவற்றினும் தாம் துய்த்த அமைதியையே மிகுதியும் எழுதுகின்றனர். அவ்வமைதி யாருடையது, எதனால் விளைந்தது என்று ஆராய்தற்கு வேறோர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோல் தொல்காப்பியப் பொருளதிகாரத்திலேயே உள்ளது என்பது நம் கருத்து. அதனை நிறுவுதற்குக் கொல்லம் முதல் கொச்சி வரை விரிந்து கிடக்கும் கேரளத்துக் காயல்நிலத்தையும், அந்நிலத்தோடு தொடர்புடைய சில நூல்களையும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். மெல்லச் செல்லும் நீர்வழிப் பயணத்திற்கு இந்நாட்டில் மிகவும் பெயர்பெற்றது அந்நிலமே. அன்றியும், முசிறியையும் தொண்டியையும் பாடிய சங்கப் புலவர் கண்ட மேலைக்கடற்கரைக் கழிகளின் வழிவந்தது அது. ஆதலின் தமிழ்த் திணைக் கொள்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பது வலிந்து பொருத்துவதாகாது.

வழியும் விரைவும்

முதற்கண் அந்நிலத்தின் வழிகளைப் பற்றிச் சில செய்திகளை நினைவிற்கொள்ளல் வேண்டும். செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து கொல்லத்தை அடையும் புகைவண்டிப் பாதை 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது 1918இல் திருவனந்தபுரம் வரை நீண்டது. வடக்கே எறணாகுளத்திலிருந்து கோட்டயத்திற்கு 1956இலும், கோட்டயத்திலிருந்து கொல்லத்திற்கு 1958இலும் பாதை அமைந்தது. காயல்நிலத்தின் நடுவூராகிய ஆலப்புழைக்கோ 1989இல்தான் புகைவண்டி வந்தது. அங்கிருந்து காயங்குளம் வரையுள்ள பகுதி 1992இல் முடிந்தது.

இவ்வாண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டில் வள்ளமே வண்டியாகவும் காயலே சாலையாகவும் இருந்தன. தெற்கு வடக்காக நீர்வழி தடையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காகவே வர்க்கலையில் குன்றைக் குடைந்து இரு சுரங்கக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அப்பணி 1880இல் நிறைவுற்றது. அக்காலத்தில் மெல்லச் செல்லுதல் ஒருவர் விரும்பித் தேர்ந்துகொண்டதன்று. கழை ஊன்றுவோனின் தோள்வலிக்கு மேல் வள்ளத்திற்கு விரைவில்லை, அவ்வளவே. அவ்வழி அமைதியானது என்றும் கூறவியலாது. 1924ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், கொல்லத்திலிருந்து புறப்பட்ட ‘ரிடீமர்’ என்னும் படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்தது. மலையாளத்தின் பெருங்கவிஞருள் ஒருவராகிய குமாரன் ஆசான் அதில் உயிர்நீத்தார்.

இங்கு ஒன்று குறிக்கத்தக்கது. நெல்லும் பிற சரக்கும் ஏற்றிச்சென்ற கெட்டுவள்ளங்கள் சாலையும் சரக்குந்தும் பெருகியபின் தொழிலிழந்தன. அவை தங்கும் படகுகளாக மாற்றப்பட்டது 1990களின் தொடக்கத்தில். ஆலப்புழைக்குப் புகைவண்டி வந்ததும், மெல்லச் செல்லும் வள்ளம் விரும்பி ஏறும் பொருளானதும் ஏறத்தாழ ஒரே காலத்தன. விரைவான வழி கைக்கு எட்டிய பின்னரே மெதுவான வழி இன்பமாயிற்று. இதனை மனத்திற்கொண்டே இனி வரும் நூல்களை நோக்குதல் வேண்டும்.

முதல், கரு, உரி

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றி வழங்குவன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றனுள் ஒன்றினொன்று சிறந்து, உரியே தலையாயது என்பது தொல்காப்பியர் முடிபு. முதலும் கருவும் இன்றி உரி மட்டும் நின்று பாட்டாதல் உண்டு. உரியின்றி ஏனை இரண்டும் நின்றால் அது நிலத்தின் வருணனையாகலாமேயன்றித் திணையாகாது. கருப்பொருள் வரிசையில் உணவும் பறவையும் பறையும் எண்ணப்படும் இடத்தில் அந்நிலத்து மக்களின் தொழிலும் உடன் எண்ணப்படுகிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

காயற்பயணம் பற்றி இற்றைநாளில் எழுதப்படும் கட்டுரைகளிற் பெரும்பாலானவற்றில் முதற்பொருள் நிறைவாக உள்ளது. நீர்ப்பரப்பும் மாலைப்பொழுதும் விரித்துரைக்கப்படுகின்றன. கருப்பொருளும் உள்ளது, தென்னையும் நீர்க்காகமும் கரிமீனும் வருகின்றன. தொழில் வருமிடத்தில் அது காட்சியாகவே நிற்கிறது. உரிப்பொருளின் இடத்தில் எழுதுவோரின் சொந்த மனவமைதி வைக்கப்படுகிறது.

பயணியின் மனவமைதியும் ஒரு மெய்ப்பாடன்றோ, அதனை உரியாகக் கொண்டால் என்னை எனின், கொள்ளலாம். ஆயின் அதற்குரிய இடம் கைக்கிளை என்க. காமவுணர்வு தோன்றாத இளையாள் ஒருத்தியிடம் அன்புகொண்டு, அவளிடமிருந்து மறுமொழி பெறாமலே, தன் சொல்லைத் தானே சொல்லி மகிழ்பவனின் நிலையைத் தொல்காப்பியர் கைக்கிளைக்கு இலக்கணமாகக் கூறுவார். நிலத்தைக் கண்டு நெகிழ்ந்து, நிலத்து மாந்தரிடம் ஒரு சொல்லும் கேளாது, தன் நெகிழ்ச்சியைத் தானே பாராட்டும் எழுத்து இதனோடு முற்றும் ஒக்கும். அவ்வெழுத்து பொய் என்பது நம் கருத்தன்று, கைக்கிளையும் அன்பே. ஆசிரியர் அதனை ஏழு திணையுள் ஒன்றாக எண்ணினார். அன்பின் ஐந்திணையுள் வைக்கவில்லை. மறுமொழி உண்டா என்பதே இரண்டற்கும் இடையிலுள்ள வரம்பு. இவ்வரம்பையே பயண இலக்கியத்திற்கும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

நெய்தலின் மெதுமை

இவ்வளவுகோலைக் கொண்டு முதலிற் சங்க நெய்தலை நோக்குவோம். நெய்தற்கு உரி இரங்கல், சிறுபொழுது எற்பாடு. பகலின் இறுதியில் கழியிதழ் குவிய, புள் குடம்பை சேர, தலைவனின் தேர் வாராமை கண்டு வருந்துபவள் கரையில் இருக்கிறாள். கழி பெருகினால் வழி அடைபடும். ஈர்மணலில் தேராழி அழுந்தும். மெதுமை என்பது ஈண்டுப் பயணம் செய்வோனுக்கு வாய்த்த இன்பமன்று. காத்திருப்பவள் தாங்கும் துன்பம் அது. பொழுது மெல்லச் செல்கிறது என்பதைச் சொல்லும் உரிமை அவளுக்கே அளிக்கப்பட்டுள்ளது. ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறும் அம்மூவனார் பாடியது. சேரர்க்குரிய தொண்டியைப் பெரும்பாலோர் அதன் தொண்டிப்பத்தில் காண்பர். அந்நூறு முழுவதும் கரையில் நிற்போரின் குரலே ஒலிக்கிறது. தலைவனும் அக்கரை மகளிரை நோக்கியே பேசுகிறான்.

தொழிலும் அங்கே காட்சியாக மட்டும் நிற்பதில்லை. உமணர் மகள் உப்புக்கு நெல் நேர் என்று விலைகூறிச் செல்வதைத் தலைவன் கேட்பதாக அம்மூவனார் அகநானூற்றில் அமைத்தார். அவள் கூறும் விலையே தலைவனின் நெஞ்சை அலைக்கும் நிகழ்ச்சியாகிறது. பரணர் புறநானூற்றில் முசிறியைக் கூறுமிடத்து, மீன் விற்று மாற்றிய நெற்குவையும், மனையிற் குவித்த மிளகுமூடையும், கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்ப்பதும் ஒருங்கே வருகின்றன. கழித்தோணி அங்கே அழகுப்பொருளன்று. கடலையும் கரையையும் இணைக்கும் தொழிற்கருவி. உப்பு, நெல், மீன், பொன் என மாற்றும் அளவுமாகவே கழியைப் பழம்புலவர் கண்டனர். அளவு என்னும் இச்செய்தி பின்னரும் நமக்கு வேண்டப்படும்.

துடுப்பும் யாப்பும்

18ஆம் நூற்றாண்டில் இராமபுரத்து வாரியர் இயற்றிய குசேலவிருத்தம் வஞ்சிப்பாட்டு, படகிலேயே பிறந்த இலக்கியம் என்று மலையாள மரபு கூறுகிறது. திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குப் படகிற் சென்றபோது வாரியரையும் உடன் அழைத்துச் சென்றார் என்பதும், வழியில் அப்பாட்டு பாடப்பட்டது என்பதும் அம்மரபு. வறியவனான குசேலன் தன் பழைய நண்பனைக் காணச் செல்லும் கதை, வறிய புலவர் மன்னனோடு செல்லும் பயணத்தில் பாடப்பட்டது. ஊர் திரும்பிய புலவர், கதையிற்போலவே தம் குடில் இருந்த இடத்தில் மன்னன் கட்டுவித்த மனையைக் கண்டார் என்றும் சொல்வர்.

இந்நூலின் யாப்பு நதோன்னதம் எனப்படும். தாழ்ந்தும் உயர்ந்தும் வருவது என்பது அப்பெயரின் பொருள். துடுப்பு நீரில் அமிழ்வதும் எழுவதும் அடியின் ஓசையில் அமைந்துள்ளன. வஞ்சிப்பாட்டு பாடும் முறையில் முதல்வன் ஓரடி பாட, துடுப்பு வலிப்போர் அதனை ஏற்றுப் பாடுவர். நாம் தேடிய மறுமொழி ஈண்டு யாப்பின் உறுப்பாகவே அமைந்துவிட்டது. பாடுவோன் மன்னனின் விருந்தினன். பாட்டின் விரைவையோ துடுப்பு வலிப்போரின் மூச்சு வரையறுக்கிறது. அவர்தம் வாழ்வை நூல் பாடிற்றில்லை. ஆயினும் அவர்தம் உழைப்பின் அளவே நூலின் அடியளவாக நின்றது. மெல்லச் செல்லும் பயணத்திலிருந்து பிறந்த எழுத்துகளுள் வடிவத்தாலேயே நேர்மையுடையதாக இதனைக் கூறலாம்.

இதனோடு ஒப்பிடத்தக்கது பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தியின் பயணநூல். 1899–1900ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றிய அவர், திருவிதாங்கூரிலிருந்து கொச்சி நோக்கிக் காயல்வழியே துடுப்புப் படகிற் சென்றார். ஆங்கிலேயரை நீக்கிய இந்தியாவைக் காட்டுவதாகத் தலைப்பிட்டு அந்நூல் 1903இல் வெளிவந்தது. நிறத்தையும் ஒளியையும் தீட்டுவதில் லோத்தி வல்லவர். முதற்பொருள் நிறைந்த எழுத்து என்பதில் ஐயமில்லை. துடுப்பின் தாளமும் வலிப்போரின் பாட்டும் அந்நூலில் இடம்பெறுகின்றன. ஆயின் வாரியரின் பாட்டில் மறுமொழியாக எழுந்த அதே குரல், லோத்தியிடம் கேட்டு மகிழும் இசையாக மட்டும் நின்றுவிடுகிறது. அது என்ன பொருளைச் சொல்கிறது என்னும் வினா எழவில்லை. ஆங்கிலேயரை நீக்கிய ஆசிரியர் தம்மை நீக்கிக்கொள்ளவில்லை. இற்றைநாட் காயற்கட்டுரைகள் பல, அறிந்தோ அறியாமலோ, வாரியரை விடுத்து லோத்தியின் வழியிலேயே செல்கின்றன.

கரையின் மறுமொழி

பயணி கேளாத மறுமொழியைக் கரையே எழுந்து கூறியது 20ஆம் நூற்றாண்டின் மலையாள நாவலில். தகழி சிவசங்கரப் பிள்ளை (1912–1999) குட்டநாட்டில் பிறந்தவர். அம்பலப்புழையில் வழக்கறிஞராக இருந்தவர். தமிழ் வாசகர் அவரைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் வந்த செம்மீன் வாயிலாக நன்கறிவர். செம்மீன் கடற்கரையின் கதை. காயல்நிலத்தின் கதை 1948இல் வெளிவந்த ‘ரண்டிடங்ஙழி’. இடங்ஙழி என்பது நெல் அளக்கும் முகத்தலளவை. ‘இரண்டு இடங்ஙழி’ என்பது கூலியைக் குறிக்கும் தலைப்பு.

குட்டநாட்டு வயல்கள் பல கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளவை. காயலைக் கரைகட்டித் தடுத்து, உள்ளே தேங்கிய நீரை வெளியே இறைத்து, அந்நிலத்தில் நெல் விளைவித்தனர். கடல்மட்டத்திற்குக் கீழ்ச் செய்யப்படும் இவ்வேளாண்மையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலக மரபுச்சிறப்புடையதாக ஏற்றது. முற்காலத்தில் நீரை இறைத்தது ஆட்கள் காலால் மிதித்த சக்கரம். சேறு அள்ளிக் கரை எழுப்பியவரும் சக்கரம் மிதித்தவரும் பெரும்பாலும் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள். கரை உடைந்து மடைவீழ்ச்சி நேர்ந்தால் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் நீராகும். வள்ளத்தில் செல்லும் பயணி வயலைக் குனிந்தே நோக்கவேண்டும் என்பது அந்நிலத்தின் அமைப்பு. நீர் மேலும் பயிர் கீழுமாக இருக்கும் அக்காட்சியை வியப்பாகக் காண்பதும், இடையிலுள்ள கரையை ஒருவன் உழைப்பாகக் காண்பதும் வேறுவேறு.

தகழி இரண்டாவதைச் செய்தார். ரண்டிடங்ஙழியில் கோரனும் சிருதையும் மணந்து, நிலக்கிழானின் பண்ணையில் உழைத்து, விளைந்த நெல்லின் நடுவே பசித்திருக்கின்றனர். கூலிக்காகக் கூட்டம் சேர்த்த கோரன் சிறைப்பட, சிருதையைத் தன் உடன்பிறந்தாளாகக் கொண்டு சாத்தன் காக்கிறான். சாத்தன் ஒருகால் அவளை விரும்பியவன் என்பதை நினைத்தால் அவன் காத்த ஆண்டுகளின் நீளம் விளங்கும். நெய்தலின் இரங்கல் ஈண்டு மீண்டும் வருகிறது. காத்திருப்பவள் சிருதை, பிரிவுக்குக் காரணமோ கூலி. உமணர் மகள் கூறிய உப்பின் அளவு, இரண்டு இடங்ஙழியாக மாறி நிற்கிறது. காயலும் வள்ளமும் நாவல் முழுவதும் உள்ளன. அவற்றை அழகு என்று கூற ஆசிரியர் நின்றாரல்லர். 1978இல் வெளிவந்த ‘கயர்’ என்னும் பெருநாவலில் அவர் குட்டநாட்டின் பல தலைமுறைகளைத் தொடுத்தார். அந்நாவல் நிலத்தைத் தரம்பிரித்து அளக்க வரும் அலுவலர் ஒருவரின் வருகையோடு தொடங்குகிறது. வெளியிலிருந்து வந்து நிலத்தை நோக்குபவன் யார், அவன் நோக்கினால் கரையில் உள்ளோர்க்கு என்ன நேரும் என்னும் வினா அத்தொடக்கத்திலேயே எழுந்துவிடுகிறது.

நோக்குபவனையே நோக்கும் இன்னொரு நாவல் அருந்ததி ராய் ஆங்கிலத்தில் எழுதிய ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ (1997). கோட்டயத்தை அடுத்த அய்மனத்தின் சாயலில் அமைந்த ஊரும் மீனச்சல் ஆறும் அதன் களம். பழைய படகொன்றைக் குழந்தைகள் கண்டெடுக்க, ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த தச்சன் வெளுத்தா அதனைச் செப்பனிட்டுத் தருகிறான். அப்படகு பின்னர்க் கவிழ்ந்து ஒரு குழந்தை இறக்கிறது. அம்முவும் வெளுத்தாவும் கொண்ட அன்பு ஆற்றைக் கடந்ததற்காக வெளுத்தா அடித்துக் கொல்லப்படுகிறான். ஆண்டுகள் கழித்து, அவ்வாற்றின் மறுகரையில் இருந்த பழைய வீடு பயணியர் விடுதியாகிறது. அவர்கள் சலிப்படையாமல் இருக்கக் கதகளி குறுக்கி ஆடப்படுகிறது. உப்புநீர்த் தடுப்பணையால் ஆறு மெலிந்து நாறிக் கிடக்கிறது. வேம்பநாட்டுக் காயலில் 1976 முதல் இயங்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையை அறிந்தோர்க்கு இச்செய்தி புதிதன்று. கைக்கிளைக்கும் ஐந்திணைக்கும் உள்ள வேற்றுமையை ஒரே ஆற்றின் இரு காலங்களில் வைத்துக் காட்டியமை இந்நாவலின் திறம் என்க. உண்மை அன்பு நிகழ்ந்த இடத்தில் ஒருதலை அன்புடையோர் வாடகைக்குத் தங்குகின்றனர்.

இற்றைநாள் வள்ளம்

இனி அவ்வாடகைப் பயணத்தின் கருவியாகிய கெட்டுவள்ளத்தை நோக்குவோம். கெட்டு என்பது நம் கட்டு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியமையால் அப்பெயர் பெற்றது. மூங்கிலும் ஓலையும் வேய்ந்த கூரையின்கீழ் முன்பு நெல்மூட்டை இருந்தது. இன்று கட்டிலும் சாய்விருக்கையும் உள்ளன. கழை ஊன்றிய தோளின் இடத்தில் டீசல் பொறி உள்ளது. பொறி விரைந்து செல்ல வல்லது. மெல்லச் செல்லுமாறு அதனை அடக்கி ஓட்டுகின்றனர். பண்டை மெதுமை ஒருவனின் உடல்வலியின் எல்லை. இன்றைய மெதுமை விலைக்குத் தரப்படும் பண்டம். இரண்டையும் ஒரே சொல்லாற் குறிக்கும் கட்டுரையாளர், தாம் அறியாமலே ஒரு வரலாற்றை அழிக்கின்றனர்.

அதே நீரில் அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை நடத்தும் படகுகளும் செல்கின்றன. 1968இல் தோன்றிய அத்துறைக்கு ஆலப்புழையே தலைமையிடம். பள்ளிச்சிறாரும் அலுவலகம் செல்வோரும் காய்கறிக் கூடையோடு வரும் முதியோரும் அவற்றில் ஏறி இறங்குகின்றனர். அவர்களுக்கும் அது மெதுவான பயணமே. அதனை அவர்கள் இன்பம் என்பதில்லை, நேரம் என்கின்றனர். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் குட்டநாடு மூழ்கியபோது அம்மக்களைக் கரைசேர்த்தவற்றுள் அத்துறையின் படகுகளும் தங்கும் படகுகளும் இருந்தன. இன்பத்திற்கென இயங்கிய வள்ளம் அந்நாட்களில் மீண்டும் கழித்தோணியாயிற்று. அதனுள் இருந்தோர்க்கும் கரைக்கும் இடையே அப்போது பேச்சு நிகழ்ந்தது. காயல் பற்றி எழுதுவோர் உரிப்பொருள் எங்குள்ளது என்று கேட்பராயின், இத்தகைய இடங்களில் உள்ளது என்று நாம் விடைகூறலாம்.

முடிவு

மெல்லச் செல்லும் பயணத்தையோ அதனை எழுதுவதையோ இகழ்வது நம் நோக்கமன்று. விரைவில் மறைவன மெதுமையில் தெரியும் என்பது உண்மையே. ஒருவரோடு பேசுதற்கும் அவர் விடைகூறும் வரை காத்திருத்தற்கும் பொழுது வேண்டும். மெல்லச் செல்வோர்க்கு அப்பொழுது உண்டு. அவ்வாய்ப்பைப் பெற்றும் பேசாது மீள்வதே குறை.

ஆதலின் காயற்பயண நூலொன்றை மதிப்பிடும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். மெதுமை என்று நூல் கூறுவது யாருடைய மெதுமை, செல்வோனுடையதா, காத்திருப்பவருடையதா, உழைப்பவருடையதா என்பது முதல் வினா. தொழில் கருப்பொருளாக அளவோடும் விலையோடும் வந்துள்ளதா, வெறுங்காட்சியாக வந்துள்ளதா என்பது இரண்டாவது. கரையிலிருந்து ஒரு மறுமொழியேனும் நூலுள் ஒலிக்கிறதா என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொருளதிகாரம் பயின்றோர்க்குப் புதியன அல்ல. பயண இலக்கியத்தைத் திணைக் கொள்கைக்கு அப்பாற்பட்ட உரைநடைச் செய்தியாகக் கருதியமையாலேயே நாம் இவற்றைக் கேளாதிருந்தோம். தமிழில் வெளிவந்துள்ள பயணநூல்களையும் இம்முறையில் வகைப்படுத்தி ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாகும். அவ்வாராய்ச்சியில் கைக்கிளை என்று ஒதுக்கப்படுவன பலவாக இருக்கலாம். கரை மறுமொழி கூறிய நூல்கள் சிலவேயாயினும், அவற்றையே நாம் பாடமாக வைத்தல் வேண்டும்.